பத்துக்குப் பத்து

யாகூபின் மன உளைச்சலுக்கு விலை மூன்று லட்சம் ரூபாய். விலையைப் போட்டது அவரில்லை, வக்கீல் சண்முகப்ரியா. ஓடும்போதே நின்றுபோகிற வண்டியை மாற்றிக் கொடு, இல்லாவிட்டால் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு என்று மனுவில் முதலில் கேட்டுவிட்டு, அதற்குக் கீழே மன உளைச்சலுக்கு என்று தனியாக ஒரு தொகை கேட்பது நுகர்வோர் ஆணையத்தில் நடைமுறை. யாகூப் ஐந்து என்றார். "பாய், இது உக்கடம் மார்க்கெட் இல்லீங்க. கேக்கற தொகை நம்பற மாதிரி இருக்கோணும்" என்றார் சண்முகப்ரியா. யாகூப் நாலுக்கு இறங்கி, மூன்றரையில் கொஞ்சம் முனகி, மூன்றுக்கு ஒப்புக்கொண்டார். அவர் முட்டை வியாபாரி. இடுவது ஒருத்தர், விலை வைப்பது நாமக்கல்லில் வேறொருத்தர் என்பது அவருக்குப் பழகிப்போன ஏற்பாடுதான். படி இறங்கி வெளியே வந்த பிறகுதான், வாங்குகிறவன் இல்லாத இடத்தில் சொந்த ஆளோடேயே பேரம் பேசி இரண்டு லட்சத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

வண்டி ஒரு சின்ன லோடு வண்டி. வெள்ளை நிறம், மூன்று வருட வாரண்டி, ஐந்து வருடக் கடன். ஓட்டுவது யாகூப். பக்கத்து சீட்டில் அவர் மனைவி தாஜுன்னிசா. ஆர்.எஸ்.புரத்து பேக்கரிகளில் அட்டை அட்டையாக முட்டையை அவர் இறக்குவார், எண்ணிக்கையும் வசூலும் அவள் பொறுப்பு. முகத்தைச் சுருக்காமல் பழைய பாக்கியைக் கேட்டு வாங்குவதில் அவளுக்கு நிகராக அந்தத் தெருவில் ஆணோ பெண்ணோ கிடையாது. வண்டிக்கு இருந்த நோய் இதுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் அணைந்துவிடும். எதிரே மீட்டர் பலகையில் இருக்கிற விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். ஸ்டியரிங் இறுகிப்போகும், பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஷோரூமுக்குக் கொண்டுபோனாலோ, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு வருகிற பெண்ணைப்போல அப்படி ஓர் அடக்கம். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பார்கள். பேட்டரி ஒயரை இறுக்குவார்கள். கழுவித் துடைத்து, உள்ளே காகிதம் விரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசியாக நின்றது உக்கடம் மேம்பாலத்தில், ஆத்துப்பாலம் பக்கம் இறங்குகிற சரிவில். பின்னால் பாலக்காட்டு பஸ். யாகூப் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வண்டி தன் பாட்டுக்கு நடுரோட்டில் வேகம் இழந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் ஹார்ன் முதுகுக்குள் புகுந்தது. பிறகு பிரேக் பிடிக்கிற ஓசை, ரப்பர் எரிந்த வாடை, கடைசியில் பின்கதவில் ஒரு தட்டல், வீட்டுக் கதவைத் தட்டுகிற அளவுக்குத்தான். கதவு திறந்துகொண்டு முட்டைகள் மொத்தமாகச் சரிந்து மஞ்சளும் வெள்ளையுமாகச் சாலையில் வழிந்தன. தாஜுன்னிசா கத்தவில்லை. அவள் கை யாகூபின் சட்டைத் தோளைப் பிடித்திருந்தது. அவர் இறங்கப் போனபோது சட்டை தையலோடு பிய்ந்து அவள் கையிலேயே நின்றது. அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறுவதில்லை. வசூலுக்கு டவுன் பஸ்ஸில் போகிறாள்.

இவ்வளவு இருந்தும், எதிர்த்தரப்பு கொடுத்த பதிலுரையைப் படித்துவிட்டு சண்முகப்ரியா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க பாய், ஒவ்வொரு சர்வீசுக்கும் அப்புறம் கம்பெனியிலிருந்து போன் வந்துதுங்களா?"

"வந்துதுங்க."

"பத்துக்கு எத்தனைன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"எத்தனை சொன்னீங்க?"

யாகூப் மின்விசிறியைப் பார்த்தார். "பத்துங்க."

"ஒவ்வொரு தடவையுமா?"

"தப்பாச் சொல்லக்கூடாதுல்லங்க. அந்தத் தம்பி நல்ல பையன்."

நல்ல பையன் என்பது தமிழ்ச்செல்வன், ஷோரூமின் சர்வீஸ் ஆள். வண்டி உள்ளே போகும்போது குறையைக் கேட்டு எழுதுகிறவனும், வெளியே வரும்போது சாவியைக் கொடுக்கிறவனும் அவன்தான். சாவியோடு கேட் வரைக்கும் கூடவே வருவான். "கால் வரும்ங்ணா. பத்துன்னு சொல்லிப்போடுங்க. ஒம்பது போட்டீங்கன்னாக்கூட எனக்கு சைபர்தானுங்ணா." யாகூபின் குடும்பத்தில் சாமானைப் பாராட்டி வாங்கியவன் ஒருத்தன்கூட இல்லை. தங்கத்தையே கொடுத்தாலும் "கொஞ்சம் மங்கலா இருக்குதே" என்று சொல்லித்தான் வாங்குவார்கள். ஆனால் வாங்கி முடித்த பிறகு கொடுக்கிற நல்ல வார்த்தைக்கு அங்கே கணக்கு இல்லை. அது கொசுறு. அவர் கடையில்கூட ஓர் அட்டை முட்டை வாங்கினால் மேலே இரண்டு சும்மா வைப்பது அவருடைய அத்தா காலத்திலிருந்து வழக்கம். பத்து மார்க்கையும் யாகூப் அப்படித்தான் தூக்கி வைத்தார். காசா பணமா, ஒரு பையன் பிழைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கொசுறு இப்போது பதிலுரையின் பின்னிணைப்பாக, தேதியோடும் நேரத்தோடும் அச்சாகி வந்திருந்தது. முழுத் திருப்தி அடைந்த வாடிக்கையாளர், வண்டியை நன்றாக உபயோகித்துவிட்டு இப்போது பணம் பறிக்கப் பார்க்கிறார் என்பது அவர்கள் வாதம்.

"ஆணையம் அனுப்பின நிபுணர் ஓட்டிப் பார்த்தப்போ வண்டி நிக்கவே இல்லீங்க. குறை அப்பப்ப வரக்கூடியதா இருக்கலாம்னு எழுதியிருக்கார். இருக்கலாம்! இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?" என்றார் சண்முகப்ரியா. "சரிபண்ண முடியாத தயாரிப்புக் குறைன்னு நாம காட்டினாத்தான் புது வண்டியோ பணமோ கிடைக்கும். இல்லைன்னா இன்னொரு தடவை கழுவித் துடைச்சுக் குடுங்கன்னு உத்தரவு போட்டு முடிச்சிருவாங்க. குறை இருக்கறது அவங்களுக்கே தெரியும்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா பாய்? ஒரு துண்டுக் காகிதம்? ஒரு மெசேஜ்?"

"தேடிப் பாக்கறேனுங்க" என்றார் யாகூப்.

தேட வேண்டிய தேவை இல்லை. அது சட்டைப் பைக்குள் போனில் இருந்தது. தமிழ்ச்செல்வன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் காதோடு காதாகப் பல தடவை கேட்டாகிவிட்டது. "ங்ணா, தமிழ்ச்செல்வனுங்ணா. நாளைக்குக் கால் வரும், பத்துன்னு சொல்லிப்போடுங்க. வண்டி சரியாகலைன்னு எனக்குத் தெரியும்ங்ணா. இதே மாடல்ல இன்னும் நாலஞ்சு வண்டி இப்படித்தான் வந்து நிக்குது. வண்டிக்குள்ள இருக்கற பெட்ரோல் பம்ப்புலதான் கோளாறு, கம்பெனியிலிருந்து பார்ட்டு வரலீங்ணா. வந்ததும் மொதல்ல உங்களுதுக்குத்தான் மாத்தித் தாரேன். அதுவரைக்கும் பார்த்து ஓட்டுங்க. அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்ணா."

இதை வக்கீலிடம் போட்டுக் காட்டினால் வழக்கு முக்கால்வாசி முடிந்தது. ஆனால் மெசேஜ் வந்தது மேம்பாலத்தில் வண்டி நின்றதற்கு முந்தின வாரம். சரியாகவில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. பார்த்து ஓட்டச் சொல்லியிருக்கிறான். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் போனில் பத்து என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் பக்கத்து சீட்டில் தாஜுன்னிசாவை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறியிருக்கிறார். அந்தப் பத்து கொசுறும் இல்லை. பார்ட்டு வந்ததும் வரிசையில் முதலில் நிற்பதற்குக் கட்டிய முன்பணம். தாஜுன்னிசாவுக்கு இது எதுவும் தெரியாது.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தபோது, மதியம் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த நேரத்தில் தமிழ்ச்செல்வன் வந்தான். கழுத்து டையைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

"ஏனுங்ணா, நல்லாருக்கீங்களா?"

"வண்டி நல்லாருந்தா நானும் நல்லாருப்பேன் கண்ணு. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்ணா." அடுக்கி வைத்திருந்த அட்டைகளுக்கு நடுவே, எதிலும் இடித்துவிடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எங்க மேனேஜர் பாலகோபால் சார் என்னையும் ஆணையத்துக்கு வரச் சொல்லிட்டாருங்ணா. வண்டியில குறை ஒன்னுமில்லை, கஸ்டமர் திருப்தியாப் போனாருன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு."

"போட்டுக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேனுங்ணா." சட்டைப் பையிலிருந்த டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "எங்கூட்டுல டை கட்டுன மொத ஆளு நானுங்ணா. அம்மா இன்னைக்கும் சூலூர்ல களை எடுக்கத்தான் போயிருக்குது. பெருந்துறையில மொதல்ல வேலை பார்த்த கம்பெனியை மூடினப்போ சும்மா உக்காந்து சாப்பிட்டேன். இதுவும் போச்சுன்னா..." உள்ளே தாஜுன்னிசா பாக்கிகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தணித்தான். "ங்ணா, நான் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன். அழிச்சுப்போட்டீங்களா?"

"எந்த மெசேஜு?" என்றார் யாகூப்.

முகத்தில் ஓர் அசைவு இல்லை. விலை ஏறப்போகிற நாளில் யாராவது வந்து சரக்கு இருக்கிறதா என்று கேட்டால், "எந்தச் சரக்கு?" என்று அவர் கேட்பது இதே முகத்தோடுதான். உள்ளே கூட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

தமிழ்ச்செல்வன் போன பிறகு தாஜுன்னிசா வெளியே வந்தாள். "என்னங்க மெசேஜு?"

"ஒன்னுமில்ல. பத்து போடச் சொல்லிச் சும்மா அனுப்பினது."

"சும்மான்னா வக்கீலம்மாகிட்டச் சொல்றதுக்கு என்ன?"

யாகூப் நேராக இருந்த அட்டைகளை நேராக்கினார். "அவன் கேட்டான்னு பத்து குடுத்தீங்க. நிக்காஹ் ஆன நாள்லருந்து நான் வைக்கற ரசத்துக்கு ஏழுக்கு மேல நீங்க போட்டதில்ல" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

விசாரணை நாளில் இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஆணையத்தின் தாழ்வாரத்தில் பாலகோபால் காத்திருந்தார். ஷோரூம் மேனேஜர், தும்பைப்பூ மாதிரி சட்டை, வாயில் ஏலக்காய். பெஞ்சின் கடைக்கோடியில் தமிழ்ச்செல்வன், இப்போது டையோடு. அவன் தரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நமக்குள்ள எதுக்குங்க பாய் கேஸெல்லாம்?" என்றார் பாலகோபால். "நல்ல மார்க் குடுத்த கஸ்டமர் நீங்க. அம்பதாயிரம் வாங்கிக்கங்க. வாரண்டியை ரெண்டு வருசம் நீட்டித் தாரேன். மனுவை வாபஸ் வாங்கிக்கங்க."

"அம்பதுக்கு ஒரு நாள் லோடுகூட வராதுங்களே" என்று யாகூபின் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. எழுபத்தைந்து என்றார் அவர். இவர் இரண்டு லட்சம் என்றார். அவர் போனில் யாரையோ கேட்டுவிட்டு வந்து ஒன்று என்றார். யாகூபுக்கு உள்ளங்கை சூடேறியது. இதற்குச் சரி சொல்லிவிட்டால் சட்டைப் பையில் இருப்பதை யாரும் கேட்க வேண்டியதில்லை. பையன் டையோடு வேலைக்குப் போவான். தாஜுன்னிசாவுக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்றேகாலில் முடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கே வந்தாள்.

"ஏனுங்க சார், உங்க ஊட்டு அம்மணியை அந்த வண்டியில உக்கார வச்சுட்டு, உக்கடம் பாலத்துல ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வாங்க. வந்ததுக்கப்புறம் விலை பேசிக்கலாம்."

பாலகோபால் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறைதான். தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பின்னிணைப்பை ஒரு பக்கமும் விடாமல் படித்தார். பத்து, பத்து, பத்து என்று அந்த அறையில் கேட்கக் கேட்க, யாகூபுக்குத் தன்னையே ஏலம் விடுகிற மாதிரி இருந்தது. சண்முகப்ரியா எழுந்து, மனுதாரர் சுயதொழில் செய்கிறவர், தானே ஓட்டிப் பிழைக்கிறவர், போனில் மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தை வண்டியின் குறையைக் குணமாக்கிவிடாது என்றார். தலைவர் நிமிர்ந்து யாகூபைப் பார்த்தார்.

"நீங்க வியாபாரிதானே? ஓட்டை வண்டிக்கு எதுக்கு எல்லாத் தடவையும் பத்து குடுத்தீங்க?"

"கேட்டாங்க ஐயா, குடுத்தேன்."

"யாரு கேட்டது?"

தமிழ்ச்செல்வன் முதன்முறையாகத் தலையைத் தூக்கினான். கண்ணில் கெஞ்சல்கூட இல்லை. வெட்டப்போகிற கடையில் நிற்கிற ஆட்டுக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பார்வை. யாகூப் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். தாஜுன்னிசா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே சட்டை. தோளில் அவள் கையாலேயே திரும்பத் தைத்த இடம் இன்னும் தெரிந்தது.

யாகூப் போனை எடுத்தார். "பாய், என்ன பண்றீங்க?" என்று சண்முகப்ரியா கிசுகிசுப்பதற்குள் விரல் பட்டுவிட்டது.

"ங்ணா, தமிழ்ச்செல்வனுங்ணா..."

இத்தனை நாள் காதோடு கேட்ட குரல் அறை முழுக்க நிறைந்தது. நாலஞ்சு வண்டி என்ற இடத்தில் உறுப்பினர் ஒருவர் பேனாவை எடுத்தார். பெட்ரோல் பம்ப் என்ற இடத்தில் பாலகோபால் தன் வக்கீலைப் பார்த்தார். பார்த்து ஓட்டுங்க என்ற இடத்தில் யாகூப் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு, அக்காவைக் கேட்டதாகச் சொல்லும்படி அந்தக் குரல் பாசமாகக் கேட்டுக்கொண்டு முடிந்தது.

"எப்போ வந்தது இது?" என்றார் தலைவர்.

"பாலத்துல நிக்கறதுக்கு முந்தின வாரமுங்க ஐயா."

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். ஆக, குறை மனுதாரருக்கு முன்பே தெரியும், தெரிந்தே ஓட்டியிருக்கிறார் என்றார். தெரிந்தது உங்கள் கட்சிக்காரருக்குத்தான் முதலில், தெரிந்தே ஓட்ட விட்டிருக்கிறார், குறையே இல்லை என்று பிரமாணம் வேறு செய்திருக்கிறார் என்றார் சண்முகப்ரியா. இரண்டும் உண்மை. பதிவை உரிய சான்றோடு தாக்கல் செய்யச் சொல்லி, அதே கோளாறோடு வந்த மற்ற வண்டிகளின் விவரத்தை ஷோரூம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தலைவர் வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் சண்முகப்ரியா திட்டினார். அன்றைக்கே இதைக் காட்டியிருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் தாஜுன்னிசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தாழ்வாரத்தின் மறுகோடியில் பாலகோபால் கையை நீட்டினார். தமிழ்ச்செல்வன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தான். பிறகு டையையும் கழற்றினான். அதை யாரும் கேட்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டே யாகூபின் பக்கம் வந்தான்.

"பார்த்து ஓட்டுங்கன்னு சொன்னேனில்லீங்ணா" என்றான். அவ்வளவுதான். படியில் இறங்கிப் போய்விட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. இரண்டு பேர் உட்காருகிற சீட் காலியாக இருந்தது. தாஜுன்னிசா முன்னால் போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உக்கடம் வரைக்கும் யாகூப் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் அவள் சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், கடைக்கு வந்தாள், வசூலுக்குப் போனாள். கேட்டால் பதில் சொன்னாள். பழைய பாக்கிக்காரர்களிடம் அவள் நடந்துகொள்வது எப்படி என்பது அவருக்குத் தெரியும். ஒருவனிடம் அவள் குரலை உயர்த்தினால் காசு வந்துவிடும் என்று இன்னும் நம்புகிறாள் என்று அர்த்தம். தன்னிடம் ஒரு தடவையாவது உயர்த்த மாட்டாளா என்று யாகூப் காத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த விசாரணையும் முடிந்து, உத்தரவு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்ட வாரத்தில், தாஜுன்னிசா ஓர் அட்டை முட்டையைத் துணியில் கட்டினாள். யாகூப் மேலே இரண்டு வைத்தார். எங்கே என்று அவர் கேட்கவில்லை. சூலூர் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அவள் காலையில் பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டாள். துணியை அவிழ்த்து அட்டையை மேஜைமேல் வைத்தாள். நடுக்குழியில் மடித்த நோட்டும் சில்லறையும். பக்கத்துக் குழிகளில் இரண்டு முட்டை.

"தமிழ்ச்செல்வன் இருந்தானா?"

"இல்ல. திருப்பூர்ல எங்கியோ வேலை கேக்கப் போயிருக்கானாம். அவங்கம்மா பழனியாத்தாதான் இருந்துச்சு. சும்மா குடுத்தா வாங்க மாட்டேன்னுருச்சு. உக்கார வச்சுக் காப்பி குடுத்துட்டு, ஒவ்வொன்னா எண்ணி வேற அட்டைக்கு மாத்துச்சு. முப்பதுக்குத்தானே அம்மணி காசு, ரெண்டு கூட இருக்குது, எடுத்துட்டுப் போங்கன்னுருச்சு."

"கொசுறுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். பையன் கொசுறு கேட்டுப் பட்டது போதுமுங்கன்னுச்சு."

யாகூப் நோட்டைப் பிரித்து எண்ணினார். மொத்த விலைகூட இல்லை, கடையில் விற்கிற சில்லறை விலை, பைசா குறையாமல். பழனியாத்தாள் வகையில் கொடுக்கல் இல்லை, வாங்கல் இல்லை. ஷோரூம் வகையில் வண்டி ஒன்று, உளைச்சல் மூன்று லட்சம், உத்தரவு வரவில்லை. கல்லாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். தாஜுன்னிசா வசூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தாஜு, நம்ம கணக்கு எவ்வளவு நிக்குது?"

அவள் வாசலில் நின்று, ரோட்டில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படித்தாள்.

"இன்னும் கூட்டிட்டிருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மேஜைமேல் முப்பது குழியுள்ள அட்டையில் இரண்டு முட்டை இருந்தது.